சமையலறையை மாற்றுவதற்கு முன்

பக்கவாதத்தால் இடக்கையும் இடக்காலும் தளர்ந்து எங்கள் வார்டில் மூன்று வாரங்கள் இருந்து வீடு திரும்பிய 63 வயது அம்மையார் ஒருவர், ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். நடை தேறியிருந்தது. கைப்பிடியிலும் முன்னேற்றம் தெரிந்தது. வீட்டில் என்னென்ன வேலைகள் செய்கிறீர்கள் என்று வழக்கம்போல் கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. உடன் வந்திருந்த மகன்தான் சொன்னார்: "அம்மா மருத்துவமனையில் இருக்கும்போதே அவருக்காகச் சமையலறையைப் புதிதாகக் கட்டி முடித்துவிட்டோம். ஆனால் அவர் உள்ளேயே போவதில்லை."

கைப்பேசியில் படங்களைக் காட்டினார். கண்ணாடிபோல் பளபளக்கும் வெள்ளை ஷட்டர்கள், மெருகேற்றிய கருங்கிரானைட் மேடை, கூரைவரை எழும்பிய அலமாரிகள், கைப்பிடியே இல்லாத டிராயர்கள் என்று பார்க்க மிக அழகாகவே இருந்தது. மேடையின் உயரம் 36 அங்குலம். இப்போது எல்லா வீடுகளுக்கும் இதுதான் அளவு என்று வேலை எடுத்தவர் சொன்னாராம். அம்மையாரின் உயரமோ 4 அடி 11 அங்குலம். அவருக்குத் தெரியாமல் செய்து வியப்பில் ஆழ்த்த வேண்டும் என்ற அன்பினால், எந்த இடத்திலும் அவரைக் கேட்கவே இல்லை.

இதில் எங்கள் பிழையும் உண்டு. படி ஏறுவது, குளியலறையில் உட்கார்ந்து எழுவது, கட்டிலிலிருந்து இறங்குவது எல்லாவற்றையும் பயிற்றுவித்த நாங்கள், சமையலறை எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. அதன் பிறகு, வீடு திரும்பும் ஒவ்வொருவரிடமும் கேட்கிறோம். பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு, மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை, இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய் ஆகியவற்றுக்குப் பிறகு சமையலறையை மாற்றியமைக்க நினைக்கும் குடும்பங்கள் முன்னைவிடப் பெருகியிருப்பதால், அவர்களுக்கு நாங்கள் வாய்மொழியாகச் சொல்லிவருவதை இங்கே எழுதுகிறோம். அதன் சாரம் எளியது: அளவை அட்டவணையிலிருந்து எடுக்காதீர்கள்; அங்கே நிற்கப்போகிறவரின் உடலிலிருந்து எடுங்கள்.

"நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி நோயாளியைச் சமையலறையிலிருந்து விலக்கிவைப்பதைப் பல குடும்பங்கள் கடமையாகவே கருதுகின்றன. முதல் சில வாரங்களுக்கு அது சரி. அதற்கு மேலும் நீண்டால், நாற்பது ஆண்டுகள் ஒரு வீட்டின் அடுப்பை ஆண்டவருக்கு அந்த வீட்டில் வேறு என்ன இடம் இருக்கிறது என்ற கேள்வி எழுகிறது. மருத்துவ நோக்கில் பார்த்தாலும், டப்பா திறப்பது, கீரை ஆய்வது, பருப்பு களைவது, அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்று வரிசையாக நினைவில் வைத்திருப்பது ஆகியவை நாங்கள் சிகிச்சைக் கூடத்தில் மரக்கட்டைகளையும் வளையங்களையும் வைத்துச் செய்விக்கும் பயிற்சிகளுக்கு எவ்விதத்திலும் குறைந்தவை அல்ல. விருப்பத்தோடு செய்யப்படுவதால் பல வேளைகளில் மேலானவையும்கூட.

நோயுற்றவருக்காகச் சமையலறையைத் திட்டமிடுவது புதிய எண்ணம் அன்று. 1926-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் கட்டடக் கலைஞர், உழைக்கும் குடும்பங்களின் வீடுகளுக்காக 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் மட்டுமே கொண்ட சமையலறை ஒன்றை வடிவமைத்தார். இன்று நாம் மாடுலர் கிச்சன் என்று அழைப்பதற்கு அதுவே முன்னோடி. அதில் சன்னலை ஒட்டி ஒரு வேலைப் பலகையும், உட்கார்ந்து வேலை செய்யச் சுழலும் முக்காலி ஒன்றும் இருந்தன. அமெரிக்காவில் தொழிற்பொறியியலும் உளவியலும் கற்ற லில்லியன் கில்பிரெத், 1940-களின் இறுதியில் இதய நோயுற்ற பெண்களுக்கென்றே ஒரு மாதிரிச் சமையலறையை உருவாக்குவதில் பங்குகொண்டார். உட்கார்ந்து செய்யக்கூடியதை நின்று செய்ய வேண்டாம். நகர்த்தக்கூடியதைத் தூக்க வேண்டாம். அன்றாடம் எடுப்பதை எட்டாத இடத்தில் வைக்க வேண்டாம். இந்த மூன்றையும் இன்றும் எங்கள் ஆக்குபேஷனல் தெரபி பிரிவினர் நோயாளிகளிடம் சொல்கின்றனர்.

ஒரு காலைப் பொழுதைப் பாருங்கள்

கொத்தனாரையோ ஆசாரியையோ அழைப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் இப்போது சமைப்பவர் காலைக் காப்பியிலிருந்து இட்லியும் சட்டினியும் தட்டுக்கு வரும்வரை என்ன செய்கிறார் என்று ஒருவர் ஓரமாக நின்று குறித்துக்கொள்ளட்டும். எத்தனை முறை குனிகிறார், எத்தனை முறை தலைக்குமேல் கை உயர்த்துகிறார், எந்தப் பாத்திரத்தை எங்கிருந்து எங்கே தூக்கிச் செல்கிறார், எங்கே ஈரம் சிந்துகிறது என்பவற்றை மட்டும் எழுதினால் போதும். ஃபிரிட்ஜ் கூடத்தில் இருப்பதால் மாவுக்கும் பாலுக்கும் தயிருக்கும் தேங்காய்க்கும் தனித்தனியாக நிலைப்படியைத் தாண்டுகிறார் என்பது அப்போதுதான் தெரியவரும். கிரைண்டர் தரையில் இருப்பதும், இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைத் தூக்கிக் கவிழ்ப்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

பிறகு, வீடு திரும்பியவரையே அங்கே அழைத்துச் செல்லுங்கள். அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம். காப்பி போடுவதாகப் பாவனை செய்யச் சொல்லுங்கள். எங்கே தயங்குகிறார், எதைப் பிடித்துக்கொள்கிறார், எந்தப் பக்கம் திரும்பும்போது தடுமாறுகிறார் என்பதே உங்கள் வரைபடத்தின் முதல் கோடு. சிலர் மேடையின் விளிம்பைப் பற்றியே நகர்வார்கள். அப்படிப்பட்டவருக்கு அந்த விளிம்பு இடையில் அறுபடாமல் இருப்பது எந்த அலமாரியையும்விட முக்கியம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சமையலறை சிறியதாக இருப்பதைக் குறையாகவே எண்ணி, சுவரை இடித்துப் பெரிதாக்கப் பலர் முனைகிறார்கள். ஊன்றுகோலோடு நடப்பவருக்கு எட்டடிக்கு ஏழடிச் சமையலறை ஒரு வரம். எங்கே தடுமாறினாலும் கைக்கு ஒரு மேடை கிடைக்கும். தொட்டியிலிருந்து அடுப்புக்கு இரண்டே அடி. பெரிய சமையலறையின் நடுவில் பிடிக்க ஒன்றுமில்லாமல் கையில் குழம்புச் சட்டியோடு நிற்பதுதான் ஆபத்து. சுவரை இடிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கே வரும். நாற்காலி முழுதாகத் திரும்ப 150 செ.மீ., அதாவது ஐந்தடி விட்டமுள்ள இடம் வேண்டும். வாசலின் திறப்பு 90 செ.மீ. இருப்பது நல்லது. அவருக்கும்கூட, ஒரு பக்க மேடையின்கீழ் உள்ள அலமாரிகளை எடுத்துவிட்டால் காலும் நாற்காலியின் முன்பகுதியும் உள்ளே நுழையும்; சுவரைத் தொடாமலே திரும்பும் இடம் கிடைத்துவிடுவதுண்டு. நிலைப்படி இருந்தால் அதை நீக்குங்கள், அல்லது ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்ற கணக்கில் சரிவு அமையுங்கள்.

உயரம்

நேராக நின்று, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கைவரை அளந்துகொள்ளுங்கள். அதைவிட 10 முதல் 15 செ.மீ. தாழ்ந்திருப்பதே காய் நறுக்கவும் கிளறவும் ஏற்ற உயரம். ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்தவருக்கு முழங்கை ஏறத்தாழ 94 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஆகவே மேடை 80 முதல் 84 செ.மீ., அதாவது 32 அல்லது 33 அங்குலம் இருந்தால் போதும். மேலே சொன்ன வீட்டில் போடப்பட்ட 36 அங்குலம் 91 செ.மீ. ஆகும். அந்த உயரத்தில் காய் நறுக்க அவர் தோள் இரண்டையும் தூக்கிக்கொண்டே நிற்க வேண்டும். அதன்மேல் அடுப்பின் உயரம், அதன்மேல் குக்கரின் உயரம். உள்ளே என்ன கொதிக்கிறது என்று எட்டிப் பார்க்க அவர் கால்விரலில் எழும்ப வேண்டியிருந்தது. பக்கவாதத்தில் தளர்ந்த ஒரு காலோடு அது நடக்கிற காரியமா?

அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் மூன்று நான்கு அங்குலம் தாழ்த்துவது நல்ல ஏற்பாடு. சப்பாத்தி மாவு பிசைவதற்கும் தாழ்ந்த மேடையே உகந்தது, ஏனெனில் உடல் எடையை அழுத்தத்துக்குப் பயன்படுத்தலாம். தொட்டிக்கு நேர்மாறு. கை எட்டுவது தொட்டியின் விளிம்பை அல்ல, அடியை. ஆதலால் ஆழம் மிகுந்த தொட்டிகளைத் தவிர்க்கச் சொல்கிறோம். பத்து அங்குல ஆழத்தில் கிடக்கும் தட்டை எடுக்க ஒவ்வொரு முறையும் முதுகு வளைய வேண்டும்.

நீண்டநேரம் நிற்க முடியாதவருக்கு உட்கார்ந்து வேலை செய்ய ஓர் இடம் கட்டாயம் வேண்டும். இதயச் செயலிழப்பு, நுரையீரல் நோய், முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் யாவரும் இதில் அடங்குவர். சாதாரண நாற்காலியில் உட்காருபவருக்கு 70 முதல் 75 செ.மீ. உயரமுள்ள பலகை பொருந்தும். அடியில் முழங்கால் தட்டாமல் நுழையத் திறந்தவெளி வேண்டும். கைப்பிடியுள்ள நாற்காலியாக இருக்கட்டும், எழும்போது ஊன்றிக்கொள்ள உதவும். உயரமான, சக்கரம் வைத்த, சுழலும் முக்காலிகள் விளம்பரங்களில் அழகாகத் தோன்றும். எங்கள் நோயாளிகளுக்கு அவை வேண்டாம். தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் நறுக்கிப் பழகியவர்கள், இடுப்பு மூட்டு மாற்றத்துக்குப் பிறகு அறுவை மருத்துவர் அனுமதிக்கும்வரை அதைச் செய்யக் கூடாது. மிகத் தாழ்ந்த அலமாரியில் குனிந்து எடுப்பதும் அப்படியே.

ஒரே வீட்டில் மாமியார் குள்ளமாகவும் மருமகள் உயரமாகவும் இருந்தால் யாருடைய அளவை எடுப்பது? இருவரிடமும் விட்டுக்கொடுக்கச் சொல்லி நடுவில் ஓர் அளவை வைத்தால் இருவருக்குமே முதுகு வலிக்கும். இரண்டு உயரங்கள் வைப்பதே சரி. பிரதான மேடை நாள்தோறும் அதிகம் சமைப்பவருக்கு. ஓரத்தில் மூன்றடி நீளத் தாழ்ந்த பலகை மற்றவருக்கு. எந்த உயரம் சரி என்று தீர்மானிக்க முடியவில்லை என்றால், துணி தேய்க்கும் மேசையை வெவ்வேறு உயரங்களில் நிறுத்தி, அதன்மேல் பலகை வைத்து அரைமணி நேரம் காய் நறுக்கிப் பாருங்கள். தோள் சொல்லிவிடும்.

தூக்காமல் நகர்த்துவது

பொருள்களின் வரிசையை முடிவு செய்யும்போது எடையை நினைவில் கொள்ளுங்கள். ஐந்து லிட்டர் குக்கரில் சாம்பார் பாதிக்கு மேல் இருந்தால் ஐந்து கிலோவைத் தாண்டும். ஒரு கைதான் இயங்குகிறது என்றால் அதைத் தூக்கவே முடியாது, ஆனால் சமமான மேடையில் தள்ளி நகர்த்த முடியும். ஆகவே தொட்டிக்கும் அடுப்புக்கும் இடையில் மேடை தொடர்ச்சியாகவும் ஒரே மட்டத்திலும் இருக்க வேண்டும். அடுப்புப் பகுதியைத் தாழ்த்தினால் இந்தத் தொடர்ச்சி கெடும். இரண்டில் எது தேவை என்பது ஆளைப் பொறுத்தது. நின்று சமைக்கும் குள்ளமானவருக்குத் தாழ்வு. ஒரு கையால் சமைப்பவருக்கு மொத்த மேடையையும் ஒரே தாழ்ந்த மட்டத்தில் அமைப்பது. அடுப்பின் இருபுறமும் குறைந்தது ஓரடி இடம் விடுங்கள். அடுப்பைச் சுவரின் கோடியில் ஒட்டிவைத்தால் இறக்கிய பாத்திரத்தை வைக்க இடமிராது.

குழாயில் நீட்டி இழுக்கக்கூடிய நெகிழ்குழல் ஒன்றைப் பொருத்திவிட்டால், அடுப்பின் மேலேயே பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம். திருகும் குழாய்களை மாற்றி நெம்புகோல் வகைக் குழாய்களைப் போடுங்கள். புறங்கையாலோ முழங்கையாலோ திறக்கலாம். கஞ்சி வடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடித்த சோற்றின் மேன்மையை மறுக்க நாங்கள் வரவில்லை. ஆனால் கொதிக்கும் பானையைச் சாய்த்து நிறுத்துவது கை நடுக்கமோ உணர்ச்சிக் குறைவோ உள்ளவர் செய்யும் வேலை அன்று.

எல்லா அலமாரிகளையும் எல்லோராலும் எட்ட வேண்டியதில்லை. இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரம்தான் பொன்னான இடம். அஞ்சறைப்பெட்டி, அரிசி, பருப்பு, எண்ணெய், காப்பித்தூள், அன்றாடத் தம்ளர்கள் எல்லாம் அங்கே வரட்டும். மேடைக்குச் சற்று மேலே, சுவரை ஒட்டி ஆறங்குல அகலத் திறந்த தட்டு ஒன்று ஓடினால் பாதி வேலை முடிந்தது. தலைக்குமேல் கையை உயர்த்தியபடி வேலை செய்வது மூச்சிரைப்பவர்களை விரைவில் களைப்படையச் செய்யும். பொங்கல் பானை, முறுக்கு அச்சு, விருந்துக்கான பெரிய இட்லிக் கொப்பரை யாவும் பரணுக்குப் போகட்டும். அவற்றை இறக்குவது இளையவர்களின் வேலை. மேடைக்குக் கீழே கதவுள்ள அலமாரியைவிட முழுதாக வெளியே வரும் டிராயர் மேல். ஏனெனில் உள்ளே தலையை நுழைத்துத் தேட வேண்டாம். அதற்குக் கைமுழுதும் நுழையும் அளவுக்கு வளைந்த கைப்பிடி போடுங்கள். தள்ளினால் திறக்கும் வகையும், விளிம்பைக் கிள்ளித் திறக்கும் வகையும் விரல் வலுவில்லாதவருக்குப் பூட்டுக்கு ஒப்பாகும்.

தீ, வாயு, மின்சாரம்

இந்தப் பகுதியில் அழகுக்காக எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டரை மேடைக்கு அடியில் கதவு போட்டு மறைத்தால், அக்கதவின் அடிப்பகுதியில் காற்று வெளியேறத் திறப்புகள் கட்டாயம் இருக்க வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர்க் குழாய் அடுப்பின் சூடு படும் பகுதியில் செல்லக் கூடாது, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றிவிட வேண்டும். ரெகுலேட்டரைக் குனியாமல் எட்டி மூட முடியுமா என்று பாருங்கள். முதுமையிலும், தலைக்காயத்துக்குப் பின்னும் மோப்ப உணர்வு குறைவதுண்டு. அத்தகையவர் வீட்டில் தரைக்கருகே வாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவி பொருத்துவது வீண் செலவாகாது. கசிவு நேர்ந்தால் அழைக்க வேண்டிய 1906 என்ற எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் எடுத்துக்கொள்பவர்கள், மூக்கில் குழாயோடு எரியும் அடுப்புக்கு அருகே செல்லவே கூடாது. காய் நறுக்கும் பலகையைச் சமையலறைக்கு வெளியே, கூடத்தில் அமைப்பதே அவர்களுக்கு உகந்தது. சர்க்கரை நோயாலோ பக்கவாதத்தாலோ விரல்களில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தீச்சுடர் இல்லாத இண்டக்ஷன் அடுப்பை நாங்கள் பரிந்துரைப்பதுண்டு. ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்கள் இண்டக்ஷன் அடுப்புக்கு இரண்டடி, அதாவது 60 செ.மீ. இடைவெளி காக்க வேண்டும். சிறிய சமையலறையில் மேடையருகே நின்று சமைப்பவருக்கு அது எளிதன்று. வாங்குவதற்கு முன் இதய மருத்துவரைக் கேளுங்கள்.

மின் இணைப்புகளைப் புதுப்பிக்கும்போது கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புச் சாதனம் போடச் சொல்லுங்கள். ஈரக்கையோடு புழங்கும் அறை இது. மிக்சிக்கும் கிரைண்டருக்கும் உரிய பிளக்குகள் அடுப்புக்குப் பின்னால் வேண்டாம். கொதிக்கும் பாத்திரத்தின்மேல் கையை நீட்டித்தான் சுவிட்சைப் போட முடியும் என்ற நிலை பல வீடுகளில் இருக்கிறது.

அடுப்பு எந்த மூலையில் இருக்க வேண்டும் என்ற வாஸ்துக் கேள்வியும் எங்களிடம் வரும். அதில் நாங்கள் வாதிடுவதில்லை. குடும்பத்தின் மனநிம்மதிக்கும் ஓர் இடம் உண்டு. வாசலில் நுழைபவர் இடித்துக்கொள்ளும் இடத்திலும், சன்னல் காற்று சுடரை அணைக்கும் இடத்திலும், திரைச்சீலை எட்டும் இடத்திலும் அடுப்பு வேண்டாம் என்று மட்டுமே சொல்கிறோம். பெரும்பாலும் தென்கிழக்கு மூலையிலேயே இவை எல்லாவற்றையும் நிறைவேற்றிவிடலாம்.

தோற்றம்

அழகு என்பது நோயாளிக்குத் தேவையற்றது என்று யாரும் எண்ண வேண்டாம். மருத்துவமனையைப் போன்ற சமையலறைக்கு வீடு திரும்ப எவருக்கும் விருப்பமிராது. எஃகுக் கம்பிகளையும் வெள்ளைச் சுவர்களையும் இங்கேயே போதுமான அளவு பார்த்துவிட்டார்கள். ஆனால் மூப்படைந்த கண்களுக்கு எது அழகாகத் தெரியும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வயது ஏற ஏறக் கண்ணுக்கு அதிக வெளிச்சம் தேவைப்படுகிறது. அதே வேளையில் பளபளப்பில் பட்டுத் திரும்பும் ஒளி முன்னைவிட அதிகமாகக் கூசுகிறது. மெருகேற்றிய கருங்கிரானைட்டில் சிந்திய தண்ணீர் தெரியாது. கறுத்த இரும்பு வாணலியின் கைப்பிடியும் அதோடு கலந்துவிடும். வெள்ளைத் தரை, வெள்ளை அலமாரி, வெள்ளை மேடை என்றிருந்தால் எது எங்கே முடிகிறது என்றே புலப்படாது.

மெருகில்லாத பரப்புகளும், ஒன்றுக்கொன்று மாறுபட்ட நிறங்களுமே இதற்குத் தீர்வு. இளம் பச்சையோ மஞ்சளோ கலந்த அலமாரி, அதிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரியும் மேடை, மேடையின் விளிம்பில் வேறு நிறத்தில் ஒரு கோடு, சுவரிலிருந்து வேறுபட்ட நிறத்தில் சுவிட்சுப் பலகை. இவை செலவை ஏற்றுவதில்லை. தேர்வு செய்யும்போது நினைவிருந்தால் போதும். தரைக்குச் சொரசொரப்பான, ஈரத்திலும் வழுக்காத டைல்ஸ். கட்டம் கட்டமாகக் கறுப்பு வெள்ளையாக வேண்டாம். மறதி நோயோ பார்வைக் குறைவோ உள்ளவர்கள் கறுப்புக் கட்டத்தைப் பள்ளம் என்று எண்ணிக் காலை எடுத்து வைக்கத் தயங்குவார்கள். தொட்டியின் முன்னால் போடும் துணி மிதியடியை நாங்கள் எங்கு பார்த்தாலும் எடுக்கச் சொல்கிறோம். அது சுருண்டு, காலை வாரிவிடும்.

விளக்கு ஒன்றே கூரையின் நடுவில் இருந்தால், மேடையில் நிற்பவரின் நிழல் அவர் நறுக்கும் காய்மீதே விழும். மேல் அலமாரியின் அடியில் நீளவாக்கில் எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் பொருத்துங்கள். முழுச் சமையலறையையும் மாற்றப் பணம் இல்லாத குடும்பம் ஒன்றையே ஒன்று செய்ய விரும்பினால், முதலில் இதைச் செய்யுங்கள் என்போம். அடுத்து, வாசலருகே சுவரில் உறுதியான பிடிகம்பி; பிறகு குழாய்கள், கைப்பிடிகள். ஷட்டரின் நிறமும் லாமினேட்டின் வகையும் கடைசியில் வரட்டும். பொதுவாக வரிசை தலைகீழாகவே நடக்கிறது; பணம் முழுவதும் ஷட்டரில் போய்விட்ட பின்தான் விளக்கு நினைவுக்கு வருகிறது. வாடகை வீட்டில் இருப்பவர்களும் மனம் தளர வேண்டாம். விளக்கு, கைப்பிடி, உறுதியான ஒரு மேசை, சரியான நாற்காலி, பொருள்களை இடம் மாற்றுதல் இவற்றுக்கு வீட்டுக்காரரின் அனுமதி பெரும்பாலும் தேவைப்படாது.

வேலை நடக்கும் நாள்களில்

டைல்ஸ் அறுக்கும்போதும் சுவரை உடைக்கும்போதும் எழும் தூசி ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கும். புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோரும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பழைய சுவர்களை இடிக்கும்போது காற்றில் பரவும் பூஞ்சைத் துகள்கள் நோயெதிர்ப்புக் குறைந்தவருக்குக் கடுமையான நுரையீரல் தொற்றை ஏற்படுத்தக்கூடும். அந்த நாள்களில் அவர் வேறு வீட்டில் தங்குவதே நல்லது. வேலை முடிந்து ஈரத்துணியால் துடைத்துச் சுத்தம் செய்த பிறகு திரும்பட்டும். நோயாளி வார்டில் இருக்கும்போதே வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். முதல் மாதத்தில் இயலாதது மூன்றாம் மாதத்தில் இயலக்கூடும். சக்கர நாற்காலிக்கென்று மேடையைத் தாழ்த்திய பின் அவர் எழுந்து நடந்துவிட்டால், அதுவும் ஒரு வகையில் மகிழ்ச்சியே. ஆனால் செலவு செலவுதான். அதுவரை தற்காலிக மேசையைக் கொண்டு சமாளித்துப் பாருங்கள்.

மேலே சொன்ன அம்மையாரின் வீட்டில் மீண்டும் எதையும் இடிக்கவில்லை. சன்னலையொட்டி இருந்த ஒரு கீழ் அலமாரியையும் அதன் மேலிருந்த கல்லையும் மட்டும் எடுத்துவிட்டு, அங்கே மூன்றடி நீளப் பலகை ஒன்றை 72 செ.மீ. உயரத்தில் பொருத்தினார்கள். பக்கத்தில் ஓர் இண்டக்ஷன் அடுப்பு, கைப்பிடியுள்ள நாற்காலி, கை எட்டும் தூரத்தில் ஒரு திறந்த தட்டு. டிராயர்களுக்குக் கைப்பிடி வந்தது. கருங்கல்லின் விளிம்பில் மஞ்சள் பட்டை ஒட்டப்பட்டது. பாத்திரத்தின் அடியில் ஈரத்துணி விரித்து, அது நகராமல் ஒரு கையால் கிளற எங்கள் பிரிவில் கற்றுக்கொண்டார். அடுத்த மறுபரிசோதனையில் கேட்டபோது, காலைக் காப்பியும் மாலை ரசமும் தம் பொறுப்பு என்றார். கூடவே, உப்பு ஜாடியை மருமகள் நாள்தோறும் இடம் மாற்றி வைக்கிறாள் என்று ஒரு புகாரும் சொன்னார்.

சமையலறை வேலையைத் தொடங்க நினைப்போர், அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு வாருங்கள்: நோயாளி நிற்கும்போது தரையிலிருந்து முழங்கையின் உயரம்; வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அதே அளவு; சமையலறையின் நீளமும் அகலமும்; வாசலின் திறப்பு; இப்போதைய மேடையின் உயரம்; சன்னல், தொட்டி, அடுப்பு, ஃபிரிட்ஜ், சிலிண்டர் இருக்கும் இடங்கள். வாசலில் நின்று எடுத்த ஒரு புகைப்படமும், சன்னலருகே இருந்து எடுத்த ஒன்றும் போதும். வரைபடம் அழகாக இருக்க வேண்டியதில்லை. பென்சிலால் கட்டம் போட்டாலே எங்களுக்குப் புரியும். முன்பணம் கொடுப்பதற்கு முன் வாருங்கள். இயன்றால் சமைக்கப்போகிறவரையும் அழைத்து வாருங்கள். எங்கள் கேள்விகளில் பாதி அவரிடம்தான்.